கசக்காத கிரீன் டீ: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: பல வருடங்களாகப் பாலும் சர்க்கரையும் போட்ட டீதான் குடிக்கிறேன். ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை ஆகிவிடுகிறது. சர்க்கரையைக் குறைக்கலாமே என்று ஒரு பெட்டி கிரீன் டீ பேக் வாங்கினேன். வாயில் வைக்க முடியவில்லை, அவ்வளவு கசப்பு. விலை கூடினதை வாங்கினால்தான் நன்றாக இருக்கும் என்கிறார் என் தோழி. எனக்கு அது கட்டுப்படியாகாது. கிரீன் டீ எனக்குச் சரிப்படாது என்று விட்டுவிடலாமா? – ஒரு வாசகி

பதில்: விட வேண்டாம். அந்தப் பெட்டியையும் தூக்கிப் போட வேண்டாம். நீங்கள் எப்படிப் போட்டீர்கள் என்று கடிதத்தில் எழுதவில்லை. ஆனால் கசக்கிறது என்று எனக்கு எழுதுகிற பெரும்பாலானவர்கள் செய்வது ஒன்றுதான்: தளதளவென்று கொதிக்கிற தண்ணீரை அப்படியே கோப்பையில் ஊற்றி, பேக்கை உள்ளே போட்டுவிட்டு, குடித்து முடிக்கும்வரை எடுப்பதே இல்லை. பால் டீக்கு அந்தக் கொதி வேண்டும். கிரீன் டீக்கு அது ஆகாது.

காரணம் இலைக்குள்ளேயே இருக்கிறது. கறுப்புத் தேநீரும் கிரீன் டீயும் ஒரே செடியின் இலைகள்தான். பறித்த இலையை வாடவிட்டு, கசக்கி, காற்றுபடக் கறுக்க விட்டால் அது கறுப்புத் தேநீர். பறித்த கொஞ்ச நேரத்திலேயே சூடு காட்டி, கறுக்கவைக்கிற நொதியை அடக்கிவிட்டால் பச்சை பச்சையாகவே நிற்கும். அதனால் கேட்டகின் என்கிற துவர்ப்புப் பொருட்கள் கிரீன் டீயில் மாறாமல் அப்படியே இருக்கின்றன. அதே இலையில் தியானின் என்கிற அமினோ அமிலமும் இருக்கிறது. இனிப்பை ஒட்டிய அந்த மெல்லிய ருசிக்கு அதுவும் ஒரு காரணம். தியானின் மிதமான சூட்டிலேயே தண்ணீரில் இறங்கிவிடும். கேட்டகினும் காஃபினும் தண்ணீர் கொதிக்கக் கொதிக்க மளமளவென்று இறங்கும். கொதிநீரை ஊற்றிப் பத்து நிமிடம் விட்டால் நாக்கில் படுவது துவர்ப்பு மட்டும்தான்.

அதனால் காசு செலவழிப்பதற்கு முன்னால் இதைச் செய்து பாருங்கள். அதே பெட்டி, அதே பேக். கோப்பையில் முதலில் கால் பாகம் சாதாரணத் தண்ணீர் ஊற்றுங்கள். மீதி முக்கால் பாகத்துக்குக் கொதிநீர். தெர்மாமீட்டர் எதுவும் வேண்டாம், இந்தக் கலவை 80 டிகிரியை ஒட்டி வந்து நிற்கும். இப்போது பேக்கைப் போட்டு, ஒன்றரை நிமிடத்தில் வெளியே எடுங்கள். எடுக்கும்போது கரண்டியால் அழுத்திப் பிழிய வேண்டாம். அடியில் தேங்கியிருக்கும் கடுப்பெல்லாம் அந்தப் பிழிவில்தான் வந்து சேரும். இன்னும் துவர்ப்பாகத் தெரிந்தால் அடுத்த முறை மூன்றில் ஒரு பாகம் சாதாரணத் தண்ணீர், ஒரு நிமிடம். அது 75 டிகிரிப் பக்கம் வரும். இந்த இரண்டாவது அளவில் பலருக்குப் பிடித்துப்போகிறது.

இப்படிச் செய்தும் பிடிக்கவில்லை என்றால், சரி, இலையைக் குறை சொல்லலாம். ஒரு பேக்கைக் கத்தரித்து வெள்ளைத் தாளில் கொட்டிப் பாருங்கள். சாதாரண டீ பேக்குகள் பலவற்றில் இலை என்று சொல்லும்படி எதுவும் இருக்காது. பெரிய இலைகளைச் சலித்து எடுத்த பிறகு மிஞ்சும் பொடியும் நொறுக்கும் இருக்கும். விரலில் எடுத்துத் தேய்த்தால் மாவு மாதிரி ஒட்டும். பொடி என்றால் தண்ணீர் படுகிற பரப்பு அதிகம், உள்ளே இருப்பதெல்லாம் ஒரே மூச்சில் இறங்கிவிடும். முழு இலை அப்படிச் செய்யாது, நிதானமாகக் கொடுக்கும். கிரீன் டீ பிடிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் உதிரி இலைக்கு வந்துவிடுங்கள் என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான். இதற்குத் தேவைப்படும் ஒரே கருவி ஒரு வடிகட்டி. அது உங்கள் சமையலறையில் ஏற்கெனவே இருக்கிறது.

இனி விலை. உங்கள் தோழி சொல்வதில் பாதி சரி. உயர்ந்த விலைக்கு உயர்ந்த இலை கிடைக்கும். ஆனால் அந்த விலைக்குக் காரணம் பெரும்பாலும் பருவமும் உழைப்பும். வசந்தத்தின் முதல் பறிப்பு எப்போதும் விலை அதிகம். பறிப்பதற்கு மூன்று வாரம் முன்பே செடிக்கு நிழல் போட்டு வளர்க்கும் ஜப்பானின் கியோகுரோ இன்னும் அதிகம். வெயில் பட்டால் இலையில் உள்ள தியானின் கேட்டகினாக மாறிவிடும், அதைத் தடுக்கத்தான் நிழல். இவையெல்லாம் அருமையான டீக்கள். ஆனால் தினமும் நாலு கோப்பை குடிக்கப்போகிறவர் ஆரம்பிக்க வேண்டிய இடம் அது இல்லை.

பாக்கெட் விலையைப் பார்க்காதீர்கள், கோப்பை விலையைப் பாருங்கள். ஒரு கோப்பைக்கு 2 கிராம் இலை போதும். 100 கிராம் பாக்கெட்டில் 50 கோப்பை வரும். டீ பேக் பெட்டியைத் திருப்பி நிகர எடையைப் படியுங்கள். 25 பேக் உள்ள பெட்டியில் பல சமயம் 50 கிராம்கூட இருக்காது. ஆக, 100 கிராம் உதிரி இலை அந்தப் பெட்டியைப் போல இரண்டு மடங்கு விலை விற்றாலும் ஒரு கோப்பைக்கு ஆகும் செலவு ஒன்றுதான். அப்புறம், முழு இலையில் இரண்டாவது தடவையும் தண்ணீர் ஊற்றலாம். அப்போது செலவு பாதியாகிவிடும். பொடி அடைத்த பேக்கில் இரண்டாம் தடவை வெறும் நிறத் தண்ணீர்தான் வரும்.

கட்டுப்படியாகும் விலையில், ருசியும் குறையாத டீக்கள் உண்டு. நான் முதலில் கைகாட்டுவது சீனாவின் கன்பவுடர். இலையை உருட்டி உருட்டிச் சின்னக் குண்டு மாதிரி ஆக்கியிருப்பார்கள். உருட்டியிருப்பதால் காற்று அதிகம் படாது, உடையாது, மற்ற கிரீன் டீயைவிட அதிக நாள் தாங்கும். ஒரு கண்ணாடி டம்ளரில் போட்டுப் பார்க்கிற சந்தோஷமும் இதில் இருக்கிறது. அரைத் தேக்கரண்டி போதும், கனமான டீ இது. தண்ணீர் ஊற்றியதும் குண்டுகள் அடியில் கிடக்கும், அரை நிமிடத்தில் ஒன்றிரண்டு அசைய ஆரம்பிக்கும், அப்புறம் ஒவ்வொன்றாகச் சுருள் பிரிந்து ஒரு முழு இலை, சில சமயம் காம்போடு, விரிந்து நிற்கும். லேசான புகை வாசனை, கொஞ்சம் கனமான ருசி. பால் டீயின் அழுத்தத்துக்குப் பழகிய நாக்குக்கு இது வெறும் தண்ணீராகத் தோன்றாது. அதே சீனாவின் சன்மீ இன்னொன்று. புருவம் மாதிரி வளைந்த இலை, லேசான புளிப்பு, இதுவும் பெரும்பாலும் கை கடிக்காத விலை.

பச்சை வாசனையே பிடிக்காதவர்களுக்கு வேறு வழி உண்டு. சீனாவில் பெரும்பாலும் இலையை வாணலி மாதிரியான சூடான பாத்திரத்தில் வறுத்து நொதியை அடக்குவார்கள். அதனால் வறுத்த கொட்டைப் பருப்பு வாசனை வரும். ஜப்பானில் பெரும்பாலும் ஆவியில் காட்டுவார்கள். அதில் கடல் பாசியும் புல்லும் கலந்த ஒரு வாசனை நிற்கும். சென்ச்சா இந்த வகை. பால் டீயிலிருந்து நேரே சென்ச்சாவுக்குப் போனால் பலருக்கு ஒட்டுவதில்லை. ஆனால் அதே ஜப்பானில் ஹோஜிச்சா என்று ஒன்று இருக்கிறது. பிந்திய பறிப்பின் இலையையும் காம்பையும் நன்றாகச் சிவக்க வறுத்தது. நிறமே பழுப்பு. கசப்பு மிகக் குறைவு, காஃபினும் குறைவு. தேயிலையோடு பொரித்த அரிசியைக் கலந்த கென்மைச்சா, காம்புகளாகவே விற்கும் குகிச்சா, முற்றின இலையில் செய்யும் பான்ச்சா, இவையும் அந்த வரிசைதான். முதல் பறிப்பு இலைக்குப் போட்டி அதிகம் என்பதால் இவற்றின் விலை இறங்கி நிற்கிறது. ருசியில் மட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். இன்னொரு வசதியும் உண்டு: ஹோஜிச்சாவும் கென்மைச்சாவும் பான்ச்சாவும் கொதிநீரைத் தாங்கும். சூடு பார்த்து, நேரம் பார்த்துப் போடப் பொறுமை இல்லாதவர்கள் கண்ணை மூடிக்கொண்டு இவற்றில் ஒன்றை எடுக்கலாம். கையில் கொஞ்சமே காசு இருந்து, ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், உங்களுக்கு நான் ஹோஜிச்சாவைத்தான் சொல்வேன்.

எதை வாங்கினாலும் முதலில் 50 கிராமுக்கு மேல் வாங்காதீர்கள். பறித்த பருவமோ வருடமோ பாக்கெட்டில் போட்டிருந்தால் அதை எடுங்கள். உள்ளே தெரிகிற கண்ணாடி ஜாடியில், வெளிச்சத்தில் வைத்து விற்கிற இலை பார்க்க அழகாக இருக்கும். வெளிச்சமும் காற்றும் கிரீன் டீயை வேகமாகக் கெடுக்கும் என்பதால் அதைத் தவிர்த்துவிடுங்கள். வீட்டிலும் அப்படித்தான். இறுக மூடும் டப்பா, இருட்டு, அடுப்பிலிருந்து தள்ளி. மசாலா டப்பாக்களுக்குப் பக்கத்தில் மட்டும் வைக்காதீர்கள், ஒரு வாரத்தில் டீயில் அந்த வாசனை ஏறிவிடும்.

மாறுகிற விதத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நிறையப் பேர் இங்கேதான் தோற்றுப்போகிறார்கள். ஆறு கோப்பையையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். 240 மில்லி கறுப்புத் தேநீரில் சுமார் 45 முதல் 50 மில்லிகிராம் காஃபின் இருக்கும், கிரீன் டீயில் சுமார் 30. திடீரென்று இவ்வளவு குறைந்தால் சிலருக்குத் தலைவலி வரும், அந்தப் பழியைக் கிரீன் டீயின் மேல் போட்டுவிட்டு விட்டுவிடுவார்கள். காலையில் எழுந்ததும் குடிக்கிற முதல் டீயைத் தொடவே வேண்டாம். அது வயிற்றுக்கும் மனசுக்கும் பழகினது. வெறும் வயிற்றில் கிரீன் டீ சிலருக்குக் குமட்டவும் செய்யும். பிற்பகலில், பழக்கத்துக்காக மட்டும் குடிக்கிற ஒரு டீ இருக்கும் பாருங்கள், அதை மாற்றுங்கள். அது நிலைத்த பிறகு அடுத்தது. காலை டீ கடைசி வரைக்கும் பால் டீயாகவே இருந்தால் இருக்கட்டும். ஆறில் நான்கில் சர்க்கரை நின்றுவிட்டதே, நீங்கள் கேட்டது அதுதானே.

கேள்வி: கிரீன் டீயில் தேன், எலுமிச்சை, பால் சேர்க்கலாமா?

பதில்: எலுமிச்சை தாராளமாக. நாலைந்து சொட்டு விட்டதும் நிறம் வெளுக்கும், பயப்பட ஒன்றுமில்லை. துவர்ப்பும் அடங்கும். தேனும் சர்க்கரைதான், ஆரம்பத்தில் அரைத் தேக்கரண்டி போட்டுக் குடித்துப் பழகி, பிறகு குறைத்துக்கொண்டு வந்தால் நல்லது. பால் வேண்டாம். பாலின் புரதம் கேட்டகினோடு பிணைந்துகொள்ளும், ருசியும் இரண்டுங்கெட்டானாகிவிடும். பால் இல்லாமல் முடியவே முடியாது என்றால் ஹோஜிச்சாவைக் கொஞ்சம் கெட்டியாகப் போட்டுப் பால் ஊற்றுங்கள். வறுத்த டீ என்பதால் அதில் மட்டும் பொருந்தும்.

கேள்வி: உடம்பு இளைக்கக் கிரீன் டீ குடிக்கிறேன். மூன்று மாதம் ஆகியும் ஒன்றும் தெரியவில்லை. மாத்திரையாகக் கிடைக்கிறதே, அதைச் சாப்பிடலாமா?

பதில்: மாத்திரை வேண்டவே வேண்டாம். சாறெடுத்துச் செறிவாக்கி அடைப்பதால், கோப்பையில் ஒருநாளும் வராத அளவு கேட்டகின் அதில் ஒரேயடியாக உள்ளே போகும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் இதை ஆராய்ந்து, துணைமாத்திரைகள் வழியாக ஒரு நாளில் 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் இஜிசிஜி என்கிற கேட்டகின் போனால் கல்லீரல் பாதிப்பின் அறிகுறிகள் ரத்தத்தில் தெரியலாம் என்று சொன்னது. வழக்கமாக இலையைப் போட்டுக் குடிக்கிற டீ பொதுவாகப் பாதுகாப்பானது என்பதையும் அதே ஆய்வில் சொல்லியிருக்கிறார்கள்.

இளைப்பதைப் பற்றி நேராகவே சொல்கிறேன். பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த காக்ரேன் அமைப்பின் 2012 மதிப்பாய்வில், கிரீன் டீத் தயாரிப்புகளால் குறைந்த எடை மிகச் சொற்பம், மருத்துவரீதியில் பொருட்படுத்தும் அளவு இல்லை என்றே வந்தது. நீங்கள் சர்க்கரை போட்ட டீயை விட்டுவிட்டு இதைக் குடித்தால் அந்தச் சர்க்கரை மிச்சம், அது கணக்கில் சேரும். ஆனால் இளைப்பதற்காக என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிக்காதீர்கள். மூன்று மாதமாக அப்படித்தான் குடித்திருக்கிறீர்கள் என்று கடிதத்தைப் படிக்கும்போதே தெரிந்தது, கஷ்டமாக இருந்தது. பிடித்த இலையைத் தேடுங்கள். பிடிக்கவே இல்லையென்றால் வெறும் தண்ணீர் குடியுங்கள், உடம்புக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

கேள்வி: மாலையில் கிரீன் டீ குடித்தால் தூக்கம் வருவதில்லை. ஆனால் அந்த நேரத்தில்தான் குடிக்கத் தோன்றுகிறது.

பதில்: குளிர்ந்த தண்ணீரில் ஊறவைத்துப் பாருங்கள். ஒரு லிட்டர் குடிநீரில் 10 கிராம் இலை, மூடி ஃப்ரிட்ஜில் ஐந்தாறு மணி நேரம், பிறகு வடிகட்டிவிடுங்கள். குளிர்நீரில் காஃபினும் துவர்ப்பும் குறைவாகவே இறங்கும், இனிப்பான பக்கம் மட்டும் மேலே வரும். கசப்புக்குப் பயந்தவர்களுக்கு நான் முதலில் கொடுத்துப் பார்க்கச் சொல்வதும் இதைத்தான். சுமாரான விலையில் வாங்கின இலைகூட இப்படிப் போட்டால் தன் குணம் மாறிவிடும். பச்சை கலந்த மஞ்சள் நிறத்தில், தெளிவாக, தொண்டையில் வழுக்கிக்கொண்டு இறங்கும். அன்றைக்கே குடித்து முடித்துவிடுங்கள்.

காஃபின் முழுக்கப் போய்விடாது. உங்களுக்குத் தூக்கம் அவ்வளவு லேசானது என்றால் மாலைக்கு ஹோஜிச்சா, அதுவும் ஒரு கோப்பையோடு நிறுத்துங்கள்.

கேள்வி: மல்லிகை கிரீன் டீ ஒன்று மலிவாகவும் இன்னொன்று பல மடங்கு விலையிலும் இருக்கிறது. இரண்டிலும் மல்லிகைதானே?

பதில்: முறைப்படி செய்வதென்றால், சாயங்காலம் மொட்டாகப் பறித்த மல்லிகையை இலையோடு கலந்து இரவு முழுக்க விட்டுவைப்பார்கள். மொட்டு விரிந்து விடுகிற வாசனையை இலை உறிஞ்சும். காலையில் பூவை நீக்கி, இலையை உலர்த்தி, மறுபடி புதுப் பூ. இப்படிப் பல இரவுகள். விலை அதற்குத்தான். மலிவானதில் பெரும்பாலும் வாசனைத் திரவம் தெளித்திருப்பார்கள். முதல் கோப்பையில் ஆளைத் தூக்கும், இரண்டாம் தடவை ஊற்றினால் வாசனையே இருக்காது. இதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். பாக்கெட்டில் காய்ந்த பூக்கள் நிறையக் கிடந்தால் தரம் கூடுதல் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், அது கண்ணுக்குத்தான்.

கேள்வி: எனக்கு ரத்தசோகை. இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறேன். கிரீன் டீ குடிக்கலாமா?

பதில்: மாத்திரையோடும் சாப்பாட்டோடும் சேர்த்து வேண்டாம். தேநீரின் துவர்ப்புப் பொருட்கள் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும், உடம்பில் சேரவிடாது. குறைந்தது ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரினோ, ரத்த அழுத்தத்துக்கு நாடோலால் மாத்திரையோ சாப்பிடுகிறவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டே ஆரம்பியுங்கள். கர்ப்பிணிகள் ஒரு நாளில் எல்லா வழியிலும் சேர்த்து 200 மில்லிகிராம் காஃபினைத் தாண்டக் கூடாது. காபி, சாக்லேட் எல்லாம் இந்தக் கணக்கில் சேரும்.

கேள்வி: இரண்டு வருடத்துக்கு முன் பரிசாக வந்த கிரீன் டீ பாக்கெட் அலமாரியில் கிடக்கிறது. குப்பையில் போடவா?

பதில்: பூஞ்சையோ ஈரமோ பூச்சியோ இல்லாமல் மொறுமொறுவென்று காய்ந்திருந்தால் போட வேண்டியதில்லை. வாசனை போயிருக்கும், நிறம் மங்கியிருக்கும், அவ்வளவுதான். எண்ணெய் படாத வாணலியை மிகச் சின்னத் தீயில் வைத்து, நாலு தேக்கரண்டி இலையைப் போட்டு, கையெடுக்காமல் கிளறிக்கொண்டே இருங்கள். முதலில் பச்சை வாசனை வரும், பிறகு அது அடங்கி வறுத்த வாசனை எழும், இலை பழுப்பாகத் திரும்பும். புகை வருவதற்கு முன்னால் இறக்கி உடனே தட்டில் கொட்டிவிடுங்கள். வாணலியிலேயே விட்டால் அந்தச் சூட்டில் கருகிவிடும். பொடி நிறைய இருந்தால் முதலில் சலித்துவிடுங்கள், பொடிதான் முதலில் கருகும். ஆறியதும் டப்பாவில் அடைத்து இரண்டு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். இதற்குக் கொதிநீரே ஊற்றலாம், அரை நிமிடம் போதும்.